மண்ணில் பாதி காலியிடம்

ஒரு செம்பில் உலர்ந்த தோட்டத்து மண்ணை விளிம்பு வரை நிரப்புங்கள். அழுத்த வேண்டாம், செம்பை இலேசாகத் தட்டிவிட்டால் போதும். இப்போது அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். செம்பு ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்; குமிழி குமிழியாகக் காற்று மேலே வரும். கால் செம்பு போகும், அதற்கு மேலும் போகும். கிட்டத்தட்ட அரைச் செம்பு இறங்கிய பிறகுதான் மேலே தேங்க ஆரம்பிக்கும்.

பிள்ளைகளுக்கு மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தபோதெல்லாம் நான் இந்தச் செம்பிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன். ஏனென்றால் மண் என்றதும் நமக்குக் கையில் அள்ளும் துகள்கள்தான் நினைவுக்கு வரும். உண்மையில் நல்ல மேல்மண்ணில் துகள்கள் பாதிதான். பாடப்புத்தகங்கள் தரும் கணக்கு இது: பாறையிலிருந்து வந்த துகள்கள் நூற்றுக்கு 45 பங்கு, மக்கிய பொருள் 5 பங்கு, தண்ணீர் 25, காற்று 25. தண்ணீரும் காற்றும் இருக்கும் அந்த ஐம்பது பங்கும் துகள்களுக்கு இடையிலான இடைவெளி. மழை பெய்தால் அதில் தண்ணீர் கூடிக் காற்று குறையும். வெயில் காய்ந்தால் தண்ணீர் குறைந்து காற்று கூடும்.

வேர் மூச்சுவிடுவதும் தண்ணீர் குடிப்பதும் அந்த இடைவெளியில்தான். மண்புழுவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் வரை குடியிருப்பதும் அங்கேதான். அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் மண்ணைவிட மண்ணுக்குள் இருக்கும் காலியிடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். ஒரு நிலம் நன்றாக இருக்கிறதா, கெட்டுக்கொண்டிருக்கிறதா என்பதை அந்த இடைவெளியை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பாறை எப்படி மண் ஆகிறது

சென்னைப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கருநீலச் சாயலுள்ள கெட்டிப் பாறையைப் பார்க்கலாம். சார்னோகைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான ஜாப் சார்னாக்கின், கொல்கத்தாவில் உள்ள கல்லறைப் பலகை இந்த வகைக் கல்லால் ஆனது. அவர் பெயரையே பாறைக்கும் வைத்தார்கள். தமிழ்நாட்டின் பல மலைகளும் குன்றுகளும் இதுவும் இதன் உறவான நைஸ் பாறையும்தான். நம் மண்ணில் பெரும்பகுதிக்கு இவைதான் தாய்.

இவ்வளவு கெட்டியான கல் எப்படிப் பொடியாகிறது? பகலில் வெயிலில் சூடேறி விரியும், இரவில் குளிர்ந்து சுருங்கும். இப்படியே மீண்டும் மீண்டும் நடந்து மேற்பரப்பில் கீறல் விழும். கீறலில் மழைநீர் இறங்கும். மழைநீர் சுத்தத் தண்ணீர் அல்ல. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அது மிக இலேசான அமிலமாக இருக்கும். அந்த அமிலம் கல்லை மெல்ல மெல்ல அரிக்கும். பழைய கோயில் கோபுரத்தில் ஓர் அரசங்கன்று வேர்விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்; பாறை இடுக்கிலும் வேர் அதையேதான் செய்கிறது.

இதில் அழகான விஷயம், பாறையிலுள்ள ஒவ்வொரு தாதுவும் வெவ்வேறு பொருளாக மாறுவது. குவார்ட்ஸ் என்ற வெண்கற்பொருள் எளிதில் கரையாது, அது மணலாக மிஞ்சும். ஃபெல்ஸ்பார் கரைந்து உருமாறிக் களிமண் ஆகும். இரும்புள்ள தாதுக்கள் காற்றும் நீரும் பட்டுத் துருவேறும். அந்தத் துருவின் நிறம்தான் செம்மண்ணின் சிவப்பு. பழைய ஆணியில் பிடிக்கும் துருவும் புதுக்கோட்டைச் செம்மண்ணும் நிறத்தில் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல.

காலம்தான் இதில் பெரிய செலவு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக 1000 ஆண்டுகள் வரை ஆகலாம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. உங்கள் ஆள்காட்டி விரலின் ஒரு கணு உயரம். சோழர் காலத்தில் தொடங்கியிருந்தால் இப்போதுதான் முடிந்திருக்கும்.

மண் என்பது வெறும் பாறைத்தூள் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ரஷ்யாவின் வசீலி டோக்குசயேவ் 1883-ல் தன் நாட்டுக் கறுப்பு மண்ணைப் பற்றிய ஆய்வை வெளியிட்டபோது அந்த எண்ணம் மாறியது. தாய்ப்பாறை, தட்பவெப்பம், அங்கு வாழும் உயிர்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், காலம் ஆகிய ஐந்தும் கூடித்தான் மண் பிறக்கிறது என்பது அவர் வழிவந்த அறிவு. இதற்கு ரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை. தென் மாவட்டங்களில் ஒரே ஊரில் மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் இருப்பதைப் பார்க்கலாம். அடியில் ஒரே பாறைதான். மேட்டில் விழும் மழை, கால்சியம், மெக்னீசியம் போன்றவற்றைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது; இரும்பும் எளிய வகைக் களிமண்ணும் மேலே தங்கிச் செம்மண் ஆகின்றன. கரைந்துபோனவை பள்ளத்தில் சேர்ந்து வேறொரு வகைக் களிமண்ணைப் பிறப்பிக்கின்றன. அதுதான் கரிசல். சரிவு மட்டும் மாறியதால் மண்ணின் குணமே மாறிவிட்டது.

பூசணியும் பட்டாணியும் கசகசாவும்

மண்துகள்களை அளவை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை மணல். அதற்குக் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல் துகள். அதற்கும் சிறியது களி. எண்ணாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. ஒரு மணல்துகளைப் பெரிய பூசணிக்காய் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால், வண்டல் துகள் ஒரு பட்டாணி. களித்துகள் ஒரு கசகசா. அவ்வளவு வித்தியாசம்.

பூசணிக்காய்களைக் குவித்தால் நடுவே கையை விடலாம், பெரிய பெரிய சந்து இருக்கும். கசகசாவைக் குவித்தால்? சந்துகள் இருக்கும், எண்ணிக்கையில் ஏராளமாகவே இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் மிகச்சிறியது. மணலில் தண்ணீர் நில்லாமல் ஓடுவதும், களியில் இறங்காமல் தேங்குவதும் இதனால்தான். பலர் நினைப்பதற்கு மாறாக, மொத்தக் காலியிடம் மணலைவிடக் களியில்தான் அதிகம். இடத்தின் மொத்த அளவு ஒன்று, ஒவ்வொரு சந்தின் அளவு வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் மண்ணைப் பற்றி மிச்சமெல்லாம் எளிதாகிவிடும்.

உங்கள் மண்ணில் எது எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், அப்புறம் முக்கால் வரை தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். மூடி நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் படிந்துவிடும். சில மணி நேரத்தில் அதன்மேல் வண்டல். களி மறுநாள்வரை தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும், பிறகுதான் படியும். மேலே மிதக்கும் குப்பைதான் மக்கும் பொருள். மூன்று அடுக்கையும் அளவுகோலால் அளந்தால் விகிதம் கிடைத்துவிடும். பாட்டில்கூட வேண்டாம் என்றால், ஈரமண்ணை உள்ளங்கையில் வைத்து முறுக்கு மாவைப் போல உருட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் மணல்சாரி. நீளத் திரியாக வந்து, வளைத்தாலும் உடையாவிட்டால் களி மிகுந்தது. இடையில் இருப்பதுதான் பெரும்பாலான பயிர்கள் விரும்பும் இருமண்.

கரிசலைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர்ப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும்: மழைக்குப் பின் கரிசலில் கால் வைத்தால் செருப்பின் அடியில் மண் அப்பி அப்பி ஒவ்வொரு காலும் ஒரு கட்டையாகக் கனக்கும். கோடையில் அதே நிலம் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பில் கையே உள்ளே போகும். அங்கிருக்கும் களி, ஏடு ஏடாக அடுக்கிய புத்தகம்போல் இருக்கும். தண்ணீர் ஏடுகளுக்கு இடையில் நுழைந்து அவற்றை விலக்கும், அதனால் மண் உப்பும். தண்ணீர் போனதும் ஏடுகள் நெருங்கும், மண் வெடிக்கும். அந்த ஏடுகளின் இரண்டு பக்கங்களையும் விரித்துக் கணக்குப் போட்டால், இந்த வகைக் களி ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 700 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். சென்னைக் கணக்கில் மூன்று கிரவுண்டு. ஒரு சிட்டிகைக்குள் மூன்று கிரவுண்டு!

அவ்வளவு பரப்பிலும் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் அந்த ஈரத்திலேயே பருத்தியையும் சோளத்தையும் மல்லியையும் வளர்த்துவிடும் தெம்பு கரிசலுக்கு இப்படித்தான் வந்தது. கோடையில் மேல்மண் வெடிப்புக்குள் உதிர்ந்து விழுந்து அடிமண்ணோடு கலப்பதால், தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்றும் சொல்வார்கள். அதே குணம்தான் கரிசல் காட்டில் கட்டிய வீட்டுச் சுவர்களைப் பிளக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன். கறுப்பாக இருப்பதால் கரிசலில் மக்கு நிறைய என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியில்லை. களியோடு இறுகப் பிணைந்த கொஞ்சம் மக்கே அந்த நிறத்தைத் தந்துவிடும். கரிசலுக்கும் குப்பை அடிக்கத்தான் வேண்டும்.

வேர் மூச்சுவிடும் இடம்

தொட்டியில் வைத்த செடி பட்டுப்போனால் நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். எனக்குத் தெரிந்து மொட்டைமாடித் தோட்டங்களில் தண்ணீர் இல்லாமல் செத்த செடிகளைவிட, தண்ணீர் மிகுந்து செத்தவையே அதிகம். வேரும் உயிருள்ள பாகம். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். பெரிய சந்துகளில் இருக்கும் காற்றைத்தான் அது எடுக்கிறது. அந்தச் சந்துகளிலும் தண்ணீர் நின்றுவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் ஈரத்தில் நிற்கும் செடியும் வாடிக் காட்டுகிறது.

நல்ல மண்ணுக்கு இரண்டு வகைச் சந்தும் வேண்டும். பெரியவை மழை விட்டதும் தண்ணீரைக் கீழே அனுப்பிவிட்டுக் காற்றை இழுத்துக்கொள்ளும். சிறியவை தண்ணீரைப் பிடித்து வைத்து வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். மிகமிகச் சிறியவற்றில் இருக்கும் தண்ணீர் வேருக்கும் எட்டாது, அவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்கும். களிமண்ணைத் தொட்டால் ஈரம் தெரியும், ஆனால் செடி வாடும்.

அப்படியென்றால் நெல் எப்படித் தேங்கிய தண்ணீரில் வாழ்கிறது? நெற்பயிரின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் நீளக் காற்றுக் குழல்கள் இருக்கின்றன. இலை எடுக்கும் ஆக்சிஜன் அந்த வழியாக வேர் வரை இறங்குகிறது. தாமரைத் தண்டை ஒடித்தால் தெரியும் துளைகளும் அதே வேலைக்குத்தான். அதனால்தான் காவிரிப் பாசன விவசாயி சேற்றுழவு செய்து, வேண்டுமென்றே பெரிய சந்துகளை எல்லாம் அடைத்துவிடுகிறார். வயல் ஒரு தொட்டிபோல் தண்ணீரைத் தாங்கும்.

ஆனால் நெல் முடிந்த பிறகு அந்தச் சேறு காய்ந்து கல்லாகிவிடுமே, அதில் உளுந்து எப்படி முளைக்கும்? அதற்கும் அவர்களிடம் வழி இருக்கிறது. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, நெல் நின்றுகொண்டிருக்கும்போதே, வயல் மெழுகு பதத்தில் இருக்கையில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். மண் இறுகுவதற்குள் வேர் இறங்கிவிடும். மெழுகு பதம் என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் மண்ணின் ஈரம், காற்று, இறுக்கம் மூன்றைப் பற்றிய கணக்கும் இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல் காலால் மிதித்தே அந்தப் பதத்தைச் சொல்லிவிடுவார்கள்.

குடியிருப்பவர்கள்

ஒரு தேக்கரண்டி வளமான மண்ணில் 100 கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கலாம். அவற்றைத் தின்னும் ஒருசெல் உயிர்கள், பூஞ்சை இழைகள், நூற்புழுக்கள், சிலந்திப்பேன்கள், கறையான், மரவட்டை, மண்புழு என்று ஒரு பெரிய ஊரே கீழே இருக்கிறது. பூமியிலுள்ள உயிரின வகைகளில் சுமார் 59 விழுக்காடு மண்ணில் வாழ்கின்றன என்று 2023-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. காட்டையும் கடலையும் பற்றி நாம் பேசும் அளவுக்குக் காலடியைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

முதல் மழையில் எழும் மண்வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம். அதைச் செய்வது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா இனம். எதற்காக மணம் பரப்ப வேண்டும்? வாலைச் சுண்டித் துள்ளும் மிகச்சிறிய மண்பூச்சிகள் அந்த வாசனையைத் தேடி வந்து பாக்டீரியாவைத் தின்கின்றன. அதன் வித்துகள் பூச்சியின் உடலில் ஒட்டி வேறிடத்துக்குப் போகின்றன என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. பூவும் தேனீயும் போன்ற ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் மணம் நம் மூக்குக்கும் எட்டி, மழை வருகிறது என்று நம்மையும் வாசலுக்கு இழுக்கிறது. இதே இனத்துப் பாக்டீரியா ஒன்றிலிருந்துதான் 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் எடுக்கப்பட்டது. காசநோயை வென்ற முதல் மருந்து அது. அந்த ஆய்வகத்தை நடத்திய செல்மன் வாக்ஸ்மன் 1952-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் மருத்துவர் அல்ல, மண் நுண்ணுயிர்களைப் படித்தவர்.

மண்ணில் குடியிருக்கும் இந்த உயிர்கள் எல்லோரும் சேர்ந்து செய்யும் முதல் வேலை, செத்ததைப் பிரிப்பது. உதிர்ந்த இலை, சாணம், செத்த பூச்சி எல்லாவற்றையும் தின்று, அவற்றில் அடைபட்டிருந்த சத்தைத் திரும்பவும் வேர் எடுக்கும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இவர்கள் இல்லையென்றால் முதல் தலைமுறைச் செடிகளோடு சத்தெல்லாம் குப்பையாகக் குவிந்து நின்றுபோயிருக்கும். அடுத்த தலைமுறைக்கு எடுக்க ஒன்றும் இருந்திருக்காது.

இரண்டாவது வேலை ஒட்டுவது. பாக்டீரியா பசை போன்ற பொருளைச் சுரக்கிறது. பூஞ்சை இழைகள் நூல்போல் சுற்றுகின்றன. மக்கு நடுவில் நின்று பிடிக்கிறது. தனித்தனிக் களித்துகள்கள் ஒன்றுசேர்ந்து சிறு உருண்டைகள் ஆகின்றன. நல்ல மண்ணைக் கையில் எடுத்தால் கேழ்வரகுப் புட்டுபோல் பொலபொலவென்று இருக்குமே, அது இந்த உருண்டைகளால்தான். உருண்டைக்குள் சிறு சந்து, உருண்டைகளுக்கு நடுவில் பெரிய சந்து. கசகசாவாக இருந்த களி இப்போது காற்றும் விடும், தண்ணீரும் பிடிக்கும். நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லாத மக்கு, மண்ணின் குணத்தையே மாற்றுவது இப்படித்தான்.

மண்புழுவுக்குத் தனி இடம் உண்டு. நாங்கூழ் என்பது அதன் பழைய பெயர். இன்றும் நாக்குப்பூச்சி என்பவர்கள் இருக்கிறார்கள். பரிணாமக் கொள்கையால் பெயர் பெற்ற சார்லஸ் டார்வின், தன் கடைசி நூலை மண்புழுக்களுக்காகவே எழுதினார். 1881-ல் அது வந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போய் வருகிறது என்று கணக்கிட்டார். புழு போட்ட மண்கட்டியைச் சுற்றியுள்ள மண்ணோடு ஒப்பிட்டால் அதில் சத்து அதிகம். அது போன வழியோ காற்றுக்கும் மழைநீருக்கும் திறந்த குழாய். நம் ஊர் மண்புழுக்களை நெடுங்காலம் ஆராய்ந்த சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுக்களைத் தேடாமல் உள்ளூர்ப் புழுக்களையே வளர்க்கலாம் என்று தமிழ்நாடு முழுவதும் விவசாயிகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார். மேலே இலைதழையும் ஈரமும் இருந்தால் அந்தப் புழுக்கள் தாமாகவே வரும்.

சத்துகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் பெருமளவில் தேவை. துத்தநாகம், போரான், இரும்பு போன்றவை சிட்டிகை அளவில். களிக்கும் மக்குக்கும் எதிர்மின்னேற்றம் உண்டு. அதனால் நேர்மின்னேற்றமுள்ள பொட்டாசியம், கால்சியம் போன்றவற்றை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். மணலுக்கு அந்தப் பிடி கிடையாது. போட்ட சத்து மழையோடு போய்விடும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேராக எடுக்க முடியாது. ஒரு நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. உள்ளிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்குத் தழைச்சத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி.

இடைவெளி மூடும்போது

மண் கெடுவது என்றால் பலருக்கும் ரசாயனம் மட்டும்தான் ஞாபகம் வரும். என் கருத்தில் அது பாதிக் கதை. யூரியா போட்டதைவிட, யூரியா வந்த தைரியத்தில் தொழுவுரத்தையும் தழையையும் போடாமல் விட்டதுதான் பெரிய பிழை. நம் வெயிலில் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். மக்கும் வேகமாகக் கரையும். ஆண்டுதோறும் திரும்பப் போடாவிட்டால் குறைந்துகொண்டே போகும். மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம், அதாவது மக்கில் உள்ள கார்பன், 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் இருந்தால் நல்லது என்று கணக்கு. 0.75 என்பதே பெரிய எண் அல்ல, அதைத் தொடவே பல நிலங்கள் திணறுகின்றன.

மக்கு குறைந்தால் உருண்டைகள் உடையும். பெரிய மழைத்துளி வெறும் மண்ணில் விழும் வேகத்தில் உருண்டை சிதறி, களித்துகள்கள் சந்துகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் மேலே அப்பளம்போல் ஒரு ஓடு. அடுத்த மழை உள்ளே இறங்காது, சரிவில் ஓடும், ஓடும்போது மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். ஆயிரம் ஆண்டில் சேர்ந்த விரற்கணு ஒரே மழையில் வாய்க்காலுக்குப் போவது இப்படித்தான். செங்கல் சூளைக்கு மேல்மண்ணை விற்பதும் அதே இழப்பு, இன்னும் வேகமாக. ஈரம் காயும் முன்னே கனமான டிராக்டரை இறக்கினால் கலப்பை எட்டும் ஆழத்துக்குக் கீழே தளம் போட்டதுபோல் ஓர் இறுகிய அடுக்கு உண்டாகும். வேர் அதைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பிவிடும்.

களர் நிலமும் காலியிடம் மூடிய நிலம்தான். களியில் கால்சியம் ஒட்டியிருந்தால் துகள்கள் சேர்ந்து நிற்கும். சோடியம் ஒட்டினால் ஒன்றையொன்று விலக்கிக் கரைந்து சேறாகும், சந்தெல்லாம் அடைபடும். கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் போகும். அதற்கு ஜிப்சம் போடுவதன் காரணம் இதுதான்: ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், அப்புறம் நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் சோடியம் வெளியேறும். உவர் நிலம் வேறு. அதில் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். வடிகால் வெட்டி நல்ல தண்ணீரால் கழுவினாலே பெரும்பாலும் சரியாகும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினத்து வயல்களில் கடல்நீர் புகுந்தபோது இனி நெல்லே விளையாது என்று பயந்தவர்கள் பலர். வடிகால் சரியாக இருந்த இடங்களில் பருவமழையே உப்பைப் பெருமளவு கழுவிக்கொடுத்தது.

பயிர் மட்டுமல்ல, குடிநீரும் இந்தச் சந்துகளை நம்பித்தான் இருக்கிறது. இறங்கிய மழைதான் கிணற்றில் ஊறும். போகும் வழியில் மண் அதை வடிகட்டியும் கொடுக்கும். இன்னொன்று, உலகின் காற்றிலும் செடிகொடிகளிலும் சேர்த்து இருக்கும் கரிமத்தைவிட மண்ணில் இருக்கும் கரிமம் அதிகம். மக்கு கரைந்தால் அது காற்றுக்குப் போகிறது. மக்கு சேர்ந்தால் மண்ணில் தங்குகிறது.

திறந்து வைக்க

இதற்கெல்லாம் நம் ஊரிலேயே பழைய கைவைத்தியங்கள் இருக்கின்றன. கோடையில் கண்மாய்க் கரம்பையை, அதாவது அடியில் படிந்த வண்டலை, வண்டி வண்டியாக அள்ளிச் செம்மண் நிலத்தில் அடிப்பார்கள். தண்ணீர் நிற்காத மண்ணுக்குக் களியையும் மக்கையும் சேர்த்துக் கொடுக்கும் வேலை அது, கண்மாயும் ஆழமாகும். விவசாயத்துக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரும் ஏற்பாடு 2024-ல் வந்தது. அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போடுவது இன்னொன்று. பசுந்தாள் உரச் செடிகளான தக்கைப்பூண்டையோ சணப்பையையோ விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதும் அதே கணக்கில்தான். கரும்புச் சோகையைக் கொளுத்தாமல் பார் இடுக்கில் மூடாக்காகப் பரப்பினால் மழைத்துளி மண்ணை நேராக அடிக்காது, ஈரமும் நிற்கும், புழுவும் வரும்.

நிலம் உள்ளவர்கள் மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நடுவண் அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. அட்டையில் 12 அளவுகள் இருக்கும். மாதிரி எடுக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வரப்போரம், மரநிழல், எருக்குழி அருகே எடுக்கக் கூடாது. பல இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டி, நெல்லுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் வரை, பருத்தி, வாழை, காய்கறிக்கு 22.5 சென்டிமீட்டர் வரை பக்கவாட்டில் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் அரைக் கிலோ மிஞ்சினால் போதும்.

நிலம் இல்லாதவர்களுக்கும் ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டு பக்கமும் வெட்டிய பால்பவுடர் டப்பா ஒன்றை வீட்டுத் தோட்டத்தில், ஒரு செடி ஓரமாக, மண்ணில் இரண்டு விரற்கடை அழுத்துங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, முழுவதும் இறங்க எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். உடனே இன்னொரு டம்ளர் ஊற்றி மறுபடி குறியுங்கள். முதல் டம்ளர் காய்ந்த மண்ணை நனைக்கப் போய்விடும், இரண்டாவதுதான் உண்மையைச் சொல்லும். பிறகு அந்த இடத்தை உழாமல், மிதிக்காமல், ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த இலையால் மூடி, இலை குறையக் குறைய மேலே போட்டுக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் முதல் முறை இரண்டாவது டம்ளர் இறங்க 40 நிமிடம் ஆனது. இரண்டு மழைக்காலம் கழித்து அதே இடத்தில் ஊற்றியபோது, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் பாதி போயிருந்தது. இலையை விலக்கிப் பார்த்தேன். மண்மேல் புழுக்கட்டிகளும், நடுநடுவே பென்சில் முனை அளவில் ஓட்டைகளும் தெரிந்தன.